காட்டில் தொலைந்த குழந்தை

கேள்வி: ஆளரவமற்ற காட்டுப்பகுதியில் சிறு குழந்தை காணாமல்போனால் எப்படித் தேடுகிறார்கள்?

பதில்: குழந்தை கடைசியாகக் காணப்பட்ட இடமே தேடலின் மையம். முதலில் வீடு, வாகனம், கிணறு, நீர்நிலை ஆகியவற்றை அலசிவிட்டு, அங்கிருந்து படிப்படியாகச் சுற்றளவை விரிவாக்குவார்கள். 3 வயதுக் குழந்தைக்குத் தான் வழிதவறியதே பெரும்பாலும் தெரியாது. புதருக்குள்ளோ பாறை இடுக்கிலோ புகுந்து தூங்கிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காமல் இருக்கலாம். ஆகவே ஆட்கள் நெருக்கமாக வரிசைகட்டி நடந்து, ஒவ்வொரு புதரையும் விலக்கிப் பார்க்கிறார்கள். மோப்ப நாய்களும் வெப்பத்தைக் காட்டும் கேமரா பொருத்திய ட்ரோன்களும் உதவுகின்றன. 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் காணாமல்போன 3 வயதுச் சிறுவன், மூன்று நாள் கழித்து ஓடையில் நீர் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் கண்ணில் பட்டான். அந்த ஓடை வீட்டிலிருந்து ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது.