வளையலுக்குள் பார்க்கும் கதிர்

கேள்வி: தாம்பரம் நகைக்கடையில் என் பழைய வளையலை உரசாமல், உருக்காமல், ஒரு பெட்டிக்குள் வைத்தே ‘91.6 சதவீதம் தங்கம்’ என்று சொல்லிவிட்டார்கள். எப்படி? நம்பலாமா?
– வாசகி, சேலையூர்

பதில்: பெட்டிக்குள் இருப்பது எக்ஸ்ரே குழாய். அதன் கதிர் பட்டதும் அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் தெறிக்கும். வெளிக்கூட்டு எலக்ட்ரான் அந்த இடத்துக்கு இறங்கும்போது புதிதாக ஓர் எக்ஸ்ரே வெளிவரும். அதன் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் மாறும்: செம்புக்குச் சுமார் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட், தங்கத்துக்கு 9.7. எது எவ்வளவு வருகிறது என்று ஓர் உணரி எண்ணினால் கலவை தெரிந்துவிடும்.

கடைக்காரருக்கு ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். ஒரு பொருளின் முழுப் படம் வேண்டுமென்றால் புள்ளி புள்ளியாக அளக்க வேண்டும். ஒரே உணரியால் அது மாளாது. அதனால் உணரிகளை வரிசையாக அடுக்குகிறார்கள். மெல்போர்னில் 384 உணரிகள் கொண்ட ‘மாயா’ கருவி, ஓவியர் தெகா வரைந்த ஒரு பெண்ணின் படத்துக்கு அடியில் மறைந்திருந்த இன்னொரு பெண்ணின் முகத்தை 2016-இல் காட்டிக்கொடுத்தது. நம் சந்திரயான்-2இன் ‘கிளாஸ்’ கருவி 16 உணரிகளுடன், சூரியனின் எக்ஸ்ரேயையே பயன்படுத்தி நிலவின் சோடியத்தை வரைபடமாக்கியது.

சரி, நம்பலாமா? தங்கத்துக்குள் இந்த அளவீடு சில மைக்ரான் ஆழம்தான் எட்டும். தடித்த முலாம் ஏமாற்றிவிடும். விற்பதானால், வெட்டிய முனையையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.