ஐந்து மாகாணங்கள் ஒன்பதான கதை

1833 என்ற ஆண்டை எமது மாணவிகள் எளிதில் மனனம் செய்துவிடுகிறார்கள். கோல்புறூக், கமரன், ஐந்து மாகாணங்கள் என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். எல்லைகள் ஏன் அப்படிக் கீறப்பட்டன என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். அந்தக் கேள்விக்கே நான் அதிக நேரம் ஒதுக்குவதுண்டு.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமான பின்னரும் கண்டிப் பிரதேசங்கள் கரையோரத்திலிருந்து வேறாகவே ஆளப்பட்டு வந்தன. இரண்டு நிருவாகம் என்றால் இரட்டைச் செலவு. அதனை ஒன்றாக்கும்படி கோல்புறூக் சிபாரிசு செய்தார். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து மாகாணங்கள் தோன்றின. இங்கே தேசப்படத்தைக் கூர்ந்து பாருங்கள். நுவரகலாவிய வடக்கோடும், தமன்கடுவை கிழக்கோடும், சப்பிரகமுவ தெற்கோடும், ஏழு கோறளை மேற்கோடும் சேர்க்கப்பட்டன. பழைய கண்டி இராச்சியத்தில் நடுப்பகுதி மட்டுமே மத்திய மாகாணமாக எஞ்சியது. அநுராதபுரத்து விவசாயி யாழ்ப்பாணத்திலிருந்த அரசாங்க அதிபரின் கீழ் வந்தார். சிக்கனம் மட்டும்தான் காரணம் என்றால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. 1818 கிளர்ச்சியைக் கண்டவர்களுக்குக் கண்டியரின் ஒற்றுமை கலைவதும் வசதியாகவே இருந்திருக்கும்.

பின்னர் வந்தவை பிரிவினைகள்: 1845இல் வடமேல், 1873இல் வடமத்தி, 1886இல் ஊவா, 1889இல் சப்பிரகமுவ. இவற்றுள் வடமத்தியைக் கவனிக்க வேண்டும். தூர்ந்து கிடந்த குளங்களையும் நோயில் வாடிய கிராமங்களையும் தூரத்திலிருந்து கவனிக்க முடியாது என்றுதான் தேசாதிபதி கிரகரி அதனைத் தனி மாகாணமாக்கினார்.

மாவட்ட எல்லைகளும் அப்படியே. என் உம்மும்மா கல்முனையில் பிறந்தவர். அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் மாவட்டம் மட்டக்களப்பு, என்னுடையதில் அம்பாறை. இருவரும் பிறந்தது ஒரே வளவில்தான். 1961இல் அம்பாறை தனி மாவட்டமானபோது வளவு நகரவில்லை, கச்சேரி மாறியது. மட்டக்களப்புக்குப் போனவர்கள் அதன்பின் அம்பாறைக்குப் போகவேண்டியதாயிற்று. கச்சேரி எந்த ஊரில் இருக்கிறது, அங்கே எந்த மொழியில் பேசுவார்கள் என்பவை காகிதத்தோடு அலையும் மனிதருக்குச் சிறிய விடயங்களல்ல. கரையோரத்துக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் எழுவது இதனால்தான்.

பெற்றோரிடம் பழைய காணி உறுதிகள் இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கரவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று என்றெல்லாம் எழுதியிருக்கும். பற்று என்ற அந்தப் பிரிவு ஆங்கிலேயர் ஏற்படுத்தியதல்ல. அவர்கள் வருவதற்கு முன்பே இருந்ததை எடுத்து, தங்கள் மாகாணத்துக்குள் வைத்துக்கொண்டார்கள்.