எந்த லாரி கம்பெனியில் சேர்வது?

முருகேசனுக்கு வயது 22. நாமக்கல் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா இல்லை. அம்மா கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார். தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள்.

முருகேசன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நான்கு வருடம் லாரியில் கிளீனராக இருந்தான். தார்ப்பாய் கட்டினான். டயர் மாற்றினான். ஊருக்கு வந்த நாட்களில் மாலை வகுப்புக்குப் போனான். மறந்துபோன எழுத்துகளை மீண்டும் கற்றான். இப்போது பஸ் பலகை படிப்பான். செய்தித்தாள் படிப்பான். கணக்கும் போடுவான்.

முதலில் கார் ஓட்டும் லைசென்ஸ் எடுத்தான். ஒரு வருடம் கழித்துத்தான் லாரி லைசென்சுக்கு மனுப் போட முடியும். லாரி ஓட்ட 20 வயதும் நிரம்ப வேண்டும். முன்பு எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. 2019 இல் மத்திய அரசு அதை எடுத்துவிட்டது. அதனால் முருகேசனுக்கு ஹெவி லைசென்ஸ் கிடைத்தது.

லைசென்சை அம்மாவின் கையில் கொடுத்தான். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கண்ணு, தங்கச்சிக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைச்சிருக்கு. ஒரு மாசத்தில் 40,000 ரூபாய் கட்டணுமாம்" என்றார்.

முருகேசன் மறுநாளே வேலை தேடிக் கிளம்பினான்.

மூன்று இடங்கள்

முதல் இடம் ஒரு பெரிய லாரி ஆபீஸ். வடக்கே டெல்லி வரை லைன் வண்டி ஓடுகிறது. மேனேஜர் சிரித்த முகத்தோடு பேசினார்.

"டிரிப்புக்கு 9,000 ரூபாய். மாசம் மூணு டிரிப் கிடைக்கும். இன்னைக்கே 40,000 முன்பணம் வாங்கிக்கோ. இந்தப் பேப்பரில் ஒரு கைநாட்டு வை" என்றார்.

முருகேசனுக்கு மனம் துள்ளியது. தங்கையின் கட்டணம் அப்படியே கைக்கு வருகிறது!

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுங்க. வீட்டில் படிச்சுப் பார்த்துட்டு நாளைக்கு வர்றேனுங்க" என்றான். மேனேஜரின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் பேப்பரைக் கொடுத்தார்.

இரண்டாவது இடம் ஒரு பார்சல் சர்வீஸ். மாதச் சம்பளம் 15,000 ரூபாய். வெளியூரில் இருக்கும் நாளுக்கு 300 ரூபாய் படி. முன்பணம் கிடையாது. முதல் மூன்று மாதம் மூத்த ஓட்டுநரோடு இரண்டாவது ஓட்டுநராகப் போக வேண்டும்.

மூன்றாவது இடம் பக்கத்து ஊர்க்காரர். அவரிடம் ஒரே ஒரு லாரி. நல்ல மனிதர். "நீ நம்ம பையன். சாவியை இப்பவே எடுத்துக்கோ" என்றார்.

செல்லமுத்து மாமா சொன்னது

அன்று மாலை முருகேசன் செல்லமுத்து மாமாவைப் பார்க்கப் போனான். அவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இப்போது டீக்கடை வைத்திருக்கிறார். இடது காலைச் சாய்த்துத்தான் நடப்பார்.

"பேப்பரைப் படி, கேட்கலாம்" என்றார் மாமா.

முருகேசன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"முன்பணம் தீரும் வரை வேறு வேலைக்குப் போகக் கூடாது. அசல் லைசென்ஸ் ஆபீசில் இருக்கும். டீசல் குறைந்தால் ஓட்டுநர் பொறுப்பு. சரக்கு குறைந்தால் ஓட்டுநர் பொறுப்பு. அதிக பாரத்துக்கு அபராதம் வந்தாலும் ஓட்டுநர் பொறுப்பு."

படித்து முடித்ததும் அவன் முகம் மாறியது.

மாமா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"நானும் இப்படி ஒரு பேப்பரில் கைநாட்டு வெச்சவன்தான், முருகேசா. அப்போ எனக்குப் படிக்கத் தெரியாது. முன்பணம் வாங்கினேன். அது தீரவே இல்லை. டீசல் குறைஞ்சதுன்னு கொஞ்சம் பிடிச்சாங்க. தார்ப்பாய் கிழிஞ்சதுன்னு கொஞ்சம் பிடிச்சாங்க. ஆறு வருசம் அங்கேயே கிடந்தேன். ஒரு தடவை ரெண்டு ராத்திரி தூங்காம ஓட்டச் சொன்னாங்க. முடியாதுன்னு சொல்ல வாய் வரலை. கடன்பட்டவனுக்கு வாய் ஏது? விடியக்காலம் கண் அசந்துட்டேன். வண்டி புளியமரத்தில் மோதிச்சு. என் கால் போச்சு. கூட வந்த கிளீனர் பையன் உயிரே போச்சு."

முருகேசன் தலை குனிந்தான்.

"முன்பணம் வாங்குறதே தப்பில்லை. உன்னைக் கட்டிப்போடுற முன்பணம்தான் தப்பு" என்றார் மாமா.

சட்டம் என்ன சொல்கிறது?

கடனைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பது கொத்தடிமை முறை. 1976 ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்துள்ளது. இப்படி மாட்டிக்கொண்டவர் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம்.

லைசென்ஸ் ஓட்டுநருடையது. போலீஸ் கேட்டால் ஓட்டுநர் அதைக் காட்ட வேண்டும். அசலை முதலாளியிடம் அடகு போலக் கொடுக்கக் கூடாது. நகல் கொடுத்தால் போதும்.

வேலை நேரத்துக்கும் அளவு உண்டு. 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துள்ளது. அதிலும் 8 மணி நேரம்தான் அளவு. வேலைக்குச் சேர்பவருக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

"சரக்கின் ஈ-வே பில் காலாவதி ஆகிவிடும், நிற்காமல் ஓட்டு" என்று சிலர் விரட்டுவார்கள். இந்த பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும். நாமக்கல்லில் இருந்து டெல்லி சுமார் 2,400 கிலோமீட்டர். அப்படியானால் 12 நாள் செல்லும். தூங்கி எழுந்து ஓட்ட நேரம் இருக்கிறது.

அதிக பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது இப்படி உயர்த்தினார்கள். பாரத்தை ஏற்றச் சொல்வது முதலாளி. அபராதத்தை ஓட்டுநர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்

"மூணு டிரிப் என்றால் 27,000 வருது மாமா. பார்சல் சர்வீசில் 15,000 தானே?" என்று கேட்டான் முருகேசன்.

"கைக்கு என்ன வரும்னு கணக்குப் போடு" என்றார் மாமா.

முருகேசன் நோட்டை எடுத்தான். மாதம் 25 நாள் வெளியூரில் இருந்தால், சாப்பாட்டுக்கு நாளுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டான். முன்பணத்துக்கு மாதம் 4,000 ரூபாய் பிடிப்பார்கள்.

லாரி ஆபீசில் மூன்று டிரிப் கிடைத்தால்:
27,000 – சாப்பாடு 7,500 – முன்பணம் 4,000 = 15,500 ரூபாய்.

லோடு கிடைக்காமல் காத்துக் கிடந்து, இரண்டே டிரிப் போனால்:
18,000 – சாப்பாடு 7,500 – முன்பணம் 4,000 = 6,500 ரூபாய்.

பார்சல் சர்வீசில் சாப்பாட்டுச் செலவைப் படி பார்த்துக்கொள்ளும். சம்பளத்தில் பி.எஃப். 1,800 ரூபாய், ஈ.எஸ்.ஐ. 113 ரூபாய் பிடிப்பார்கள்:
15,000 – 1,800 – 113 = 13,087 ரூபாய்.

"நல்ல மாசத்தில் அங்கே கொஞ்சம் அதிகம். மோசமான மாசத்தில் பாதிகூட இல்லை. அதுவும் டீசல், சரக்குன்னு பிடிக்காம இருந்தால்தான்" என்றான் முருகேசன்.

"பி.எஃப். பணம் எங்கேயும் போகாது. நீ 1,800 போட்டால் முதலாளியும் தன் பங்கைப் போடணும். ஈ.எஸ்.ஐ. இருந்தால் உடம்பு சரியில்லாதப்போ வைத்தியம் கிடைக்கும். எனக்கு அந்த ரெண்டும் இருந்ததில்லை" என்றார் மாமா.

வண்டியையும் பார்க்க வேண்டும்

"பக்கத்து ஊர்க்காரர் நல்லவருங்க மாமா. அங்கே போகலாமா?" என்று கேட்டான் முருகேசன்.

"ஆள் நல்லவர்தான். வண்டி நல்ல வண்டியா? போய்ப் பார்த்துட்டு வா."

மறுநாள் முருகேசன் போய்ப் பார்த்தான். லாரிக்கு 12 வயது. டயர் வழவழவென்று தேய்ந்திருந்தது. எப்.சி.யை வாங்கித் தேதியைப் படித்தான். இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்திருந்தது. எட்டு வயது தாண்டிய லாரிக்கு ஒவ்வொரு வருடமும் எப்.சி. வாங்க வேண்டும். இன்சூரன்சும் முடிந்திருந்தது.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டுவது குற்றம். ஓட்டுபவருக்கும் தண்டனை உண்டு. விபத்து நடந்தால் அடிபட்டவருக்கும் நட்டஈடு கிடைப்பது கடினம். ஓட்டுநருக்கும் கடினம்.

"அண்ணா, எப்.சி.யும் இன்சூரன்சும் எடுத்துட்டுச் சொல்லுங்க. அப்புறம் வர்றேனுங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வந்தான்.

முருகேசன் எடுத்த முடிவு

இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். பேப்பரையும் படித்துக் காட்டினான்.

அம்மா வெகுநேரம் யோசித்தார். "பணத்துக்காக உன்னை அடகு வைக்க மாட்டேன், கண்ணு. நான் குழுவில் கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். குழுவில் 25,000 ரூபாய் கடன் கிடைத்தது. மீதி 15,000 ரூபாயை இரண்டு தவணையில் கட்டக் கல்லூரி ஒப்புக்கொண்டது. தவணை கட்டும் மாதங்களில் வீட்டுச் செலவைச் சுருக்க வேண்டும். அது மூவருக்கும் தெரியும்.

முருகேசன் பார்சல் சர்வீசில் சேர்ந்தான். நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்கினான். படித்தான். பிறகுதான் கையெழுத்துப் போட்டான்.

முதல் பயணம் நாக்பூருக்கு. மூத்த ஓட்டுநர் பக்கத்தில் இருந்தார். நள்ளிரவு தாண்டியதும் அவர் சொன்னார்: "தம்பி, கண்ணு சொக்குது போல. ஓரமா நிறுத்து. தூங்கிட்டுப் போகலாம்."

முருகேசன் வண்டியை நிறுத்தினான். செல்லமுத்து மாமாவின் காலை நினைத்துக்கொண்டான்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

1. சம்பளம் மாதத்துக்கா, டிரிப்புக்கா? எந்தத் தேதியில் தருவார்கள்?
2. படி எவ்வளவு? லோடுக்காகக் காத்திருக்கும் நாளுக்கும் உண்டா?
3. எதற்கெல்லாம் பணம் பிடிப்பார்கள்?
4. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா?
5. வண்டிக்கு ஆர்.சி., எப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் தேதி முடியாமல் இருக்கிறதா?
6. பிரேக், டயர், விளக்கு சரியாக இருக்கின்றனவா?
7. நீண்ட தூரத்துக்கு இரண்டு ஓட்டுநர் உண்டா?
8. மாதத்தில் எத்தனை நாள் வீட்டுக்கு வரலாம்?

பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் அவசரப்பட்டுச் சேர வேண்டாம். அங்கே ஓட்டும் பழைய ஓட்டுநர்களையும் கேளுங்கள்.

புதிய சொற்கள்

படி – வெளியூரில் சாப்பாட்டுக்குத் தரும் பணம்
எப்.சி. – வண்டி ஓடத் தகுதியானது என்று தரும் சான்று
நியமனக் கடிதம் – வேலையில் சேர்த்ததற்கான எழுத்து
தவணை – பிரித்துப் பிரித்துக் கட்டும் பணம்

கணக்குப் போடுங்கள்

ஒரு லாரியில் 3 டன் அதிக பாரம் இருந்தது. அபராதம் எவ்வளவு?
(விடை: 20,000 + 6,000 = 26,000 ரூபாய்)

கலந்து பேசுங்கள்

1. மேனேஜர் கைநாட்டுக் கேட்டபோது முருகேசன் என்ன செய்தான்? ஏன்?
2. "கடன்பட்டவனுக்கு வாய் ஏது?" என்று மாமா ஏன் சொன்னார்?
3. உங்கள் ஊரில் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்டவர் உண்டா? அவர் என்ன செய்யலாம்?