பிரம்புப் பந்து

மலாய்த் தீபகற்பத்தின் காடுகளிலும் சுமத்திரா முதலிய தீவுகளிலும் பிரம்பு செழித்து வளர்கின்றது. கூடை முடையப் பயன்படும் அப்பிரம்பைக் கொண்டே அந்நாட்டு மக்கள் பந்தும் பின்னினர். ‘ராகா’ எனப்படும் அப்பந்து உள்ளே வெற்றிடமுடையது. உதைத்தால் எளிதில் மேலெழும் இயல்பினது. மலாய் மொழியில் ‘செபாக்’ என்றால் உதைத்தல். ஆதலின் அவ்விளையாட்டிற்குச் ‘செபாக் ராகா’ என்னும் பெயர் வழங்கலாயிற்று.

ஆட்டக்காரர் வட்டமாக நிற்பர். கால், முழங்கால், தோள், தலை ஆகியவற்றால் பந்தைத் தட்டி, நிலத்தில் விழாதவாறு காப்பர். கையால் தொடுதல் கூடாது. இவ்வாட்டத்தில் எதிரணி என்பதே இல்லை. ஒருவர் தவறவிட்டால் அனைவருடைய முயற்சியும் வீணாகும். இந்தோனேசியாவின் தென்சுலவேசியில் வாழும் பூகிசு, மக்காசார் மக்களிடையே இவ்வாட்டம் ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்றும் அவர்கள் பந்தை ஆடுவர்.

இவ்வாட்டத்தின் பழமைக்கு மலாய் வரலாற்று நூலாகிய ‘செஜாரா மெலாயு’ சான்று பகர்கின்றது. 15-ஆம் நூற்றாண்டில் மலாக்காவைச் சுல்தான் மன்சூர் ஷா ஆண்டுவந்தார். அவருடைய தலைமை அமைச்சர் துன் பேராக். அமைச்சரின் மகன் துன் பெசார் ஒருநாள் தோழருடன் பந்தாடிக்கொண்டிருந்தான். அப்போது அவ்வழியே வந்த இளவரசன் ராஜா முகம்மதின் தலைப்பாகைமேல் பந்து பட்டது. அது தற்செயலாக நேர்ந்த பிழை. எனினும், இளவரசனின் சினத்தால் துன் பெசார் அங்கேயே உயிரிழந்தான்.

செய்தி கேட்ட அமைச்சரின் ஆட்கள் படைக்கலம் ஏந்திப் பழிவாங்கத் துடித்தனர். மகனை இழந்த துயரிலும் துன் பேராக் அவர்களைத் தடுத்து நிறுத்தினார். அரசனுக்கு எதிராக வாளெடுத்தல் தகாது என்றும், ஆனால் அவ்விளவரசன் தம்மை ஆளுதல் இயலாது என்றும் உறுதியாக உரைத்தார். சுல்தானும் அதனை ஏற்றார். மலாக்காவின் அரியணையை இழந்த இளவரசன் பகாங் நாட்டை ஆள அனுப்பப்பட்டான். ஒருவரது சினம் ஓர் உயிரைக் கொன்றது; மற்றொருவரது பொறுமை பல உயிர்களைக் காத்தது.

காலப்போக்கில் இவ்வாட்டம் புதுவடிவம் பெற்றது. 1940-களில் பினாங்கில் நடுவே வலை கட்டி இரு அணிகளாக ஆடலாயினர். தாய்லாந்திலும் இத்தகைய ஆட்டம் வழங்கியது. பின்னப்பட்ட பந்தை அந்நாட்டார் ‘தக்ராவ்’ என்பர். இரு நாட்டாரின் சொற்களும் இணைய, 1965-ஆம் ஆண்டில் ‘செபாக் தக்ராவ்’ என்னும் பெயர் உருவாயிற்று. அவ்வாண்டில் கோலாலம்பூரில் நடைபெற்ற தென்கிழக்கு ஆசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் அது இடம்பெற்றது. 1990-இல் பெய்ஜிங் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் சேர்க்கப்பட்டது.

இன்று ஆடுகளம் 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் உடையது. ஆடவர்க்குரிய வலையின் உயரம் 1.52 மீட்டர். வழக்கமான ஆட்டத்தில் அணிக்கு மூவர் ஆடுவர். மூன்று தொடுதலுக்குள் பந்தை எதிர்ப்புறம் அனுப்புதல் வேண்டும். பிரம்புப் பந்திற்கு மாறாகச் செயற்கை இழைப் பந்து வந்துள்ளது. எனினும் பின்னலின் வடிவம் மாறவில்லை.

வட்டமாய் நின்றவர்கள் இன்று வலையின் இருபுறமும் எதிரெதிரே நிற்கின்றனர். வெற்றி தோல்வி புகுந்த இடத்தில் சினமும் புகுதல் இயல்பு. அதனை அடக்கி, எதிரணியின் திறமையையும் போற்றுபவரே சிறந்த ஆட்டக்காரர். பந்தை அடக்கும் கால் பயிற்சியால் வரும். சினத்தை அடக்கும் உள்ளமும் பயிற்சியாலேயே வரும்.