கியர் விழ மறுக்கிறதா? கியர் பாக்ஸை இறக்கும் முன் பாருங்கள்

கியர் டைட்டாக இருக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டால், "கிளட்ச் செட் மாத்திடலாம் சார்" என்ற பதில் உடனே வரலாம். அதற்குத் தலையாட்டும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணையுங்கள். கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஒரு கியர் மட்டும் முட்டி நின்றால், ஹேண்ட் பிரேக்கை எடுத்து வண்டியை லேசாக நகர்த்திவிட்டு மறுபடி போடுங்கள். பல்லும் பல்லும் மோதி நின்றிருக்கலாம். பிறகு ஸ்டார்ட் செய்து அதையே செய்யுங்கள். அணைத்திருந்தபோது சுலபமாக விழுந்த கியர் இப்போது முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை. கிளட்சை மிதித்துச் சில வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடும்போது 'கர்ர்' என்று சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்போதும் கிளட்ச் செட் கடைசிதான். மாருதி 800 போன்ற கார்களில் கிளட்ச் கேபிள்தான் வேலை செய்கிறது; அது தளர்ந்திருந்தால் டைட் வைத்தாலே போதும், இழை பிரிந்திருந்தால் கேபிளை மாற்ற வேண்டும். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பெடலை இரண்டு மூன்று முறை அடித்துப் பாருங்கள். உடனே கியர் விழுந்தால் லைனில் ஏர் ஏறியிருக்கலாம் அல்லது சிலிண்டர் கசியலாம். ஆயிலை மட்டும் ஊற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பாதான்; கசிவை விட்டால் பிரேக்கும் பாதிக்கப்படலாம். இவையெல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கியபின் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை விட்டுவைத்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும்.

இன்ஜின் அணைந்திருக்கும்போதும் இறுக்கமா? லீவரிலிருந்து பாக்ஸுக்குப் போகும் கேபிளையும் புஷ்ஷையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். செலவு குறைவு.

காலையில் இறுகி, சிறிது தூரம் ஓடியதும் சரியாகிவிட்டால் கியர் ஆயிலைக் கவனியுங்கள். புதிதாக மாற்றிய பிறகுதான் தொந்தரவு தொடங்கியது என்றால், என்ன ஊற்றினார்கள் என்று கேளுங்கள். ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸில், கிரவுனுக்கு (டிஃபரென்ஷியலுக்கு) ஊற்றும் ஜிஎல்-5 ஆயில் போனால், கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோ ரிங்குக்குப் பிடிப்பு போதாது. அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை ரிங்கை அரிக்கவும் கூடும். கார் கையேட்டில் போட்டிருக்கும் கிரேடுதான் சரி.

ஓட்டத்தில் இரண்டாவது கியருக்கு மாற்றும்போது மட்டும் 'கர்ர்' என்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் மாற்றி அதைத் தீர்க்க முடியாது. பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டும். அதுவரை வேகத்தைக் குறைத்து, நிதானமாகக் கியரை மாற்றுங்கள்.

எந்த வேலைக்கும் ஒப்புக்கொள்ளும் முன், இன்ஜினை அணைத்தும் ஓடவிட்டும் கியர் போட்டுக் காட்டும்படி மெக்கானிக்கைக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.