டெஸ்டர் எரிந்தால் போதுமா?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மல்டிமீற்றர் இப்போது மலிவாகவே கிடைக்கிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் டெஸ்டருக்குப் பக்கத்தில் அதுவும் குடியேறிவிட்டது. ஆனால் அது காட்டும் இலக்கத்தை வாசிக்கத் தெரியாவிட்டால், பழைய நம்பிக்கைகளுக்கே அதுவும் சாட்சி சொல்லும்.

நம்பிக்கை: பிளக்கில் சரியாக 230 காட்டாவிட்டால் லைனில் பிழை.

உண்மை: நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். இதில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம். ஏறத்தாழ 216 முதல் 244 வரை எது காட்டினாலும் கவலை வேண்டாம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை பாவனை உச்சம், அப்போது இறங்கும். கூரைகளில் சோலார் பனல் நிறைந்த இடத்தில் நண்பகலில் ஏறும். ஆகவே இரு வேளையும் அளந்து பாருங்கள். நன்றாகக் குறைந்துவிட்டால், ‘பில்லும் குறையும்தானே’ என்று இருந்துவிடாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசர் சுழல முடியாமல் திணறி, வழமையைவிடக் கூடிய கரண்டை இழுத்துச் சூடாகும். பிளக்கைக் கழற்றிவிடுவதே நல்லது.

நம்பிக்கை: டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது, எரியாவிட்டால் தொடலாம்.

உண்மை: இரண்டுமே தவறு. நியூட்ரல் வயர் அறுந்த வீட்டில், ஏதாவது ஒரு சாதனம் ஓன் செய்தபடி இருந்தால், பிளக்கின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரியும். ‘இரண்டு கரண்ட் வந்துவிட்டது’ என்பார்கள். மல்டிமீற்றரை அந்த இரண்டு துளைகளுக்கும் இடையே வைத்தால் கிட்டத்தட்ட பூச்சியம்தான் காட்டும். துளைக்கும் ஏர்த்துக்கும் இடையே வைத்தால் 230 காட்டும். பிளக்கில் பூட்டிய எதுவும் வேலை செய்யாது, தொட்டால் மட்டும் அடிக்கும். வோல்ற்றளவு ஓர் இடத்தில் இருக்கும் பொருளல்ல. இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாடு. மறுபக்கம், டெஸ்டருக்குள் இருக்கும் நியோன் பழுதாகியிருந்தாலோ, நீங்கள் மரப்பலகையில் ஏறி நின்றாலோ, கரண்ட் இருந்தும் அது எரியாமல் போகலாம்.

நம்பிக்கை: கனடாவிலிருந்து வந்த அயன்பொக்ஸுக்கு பிளக் அடப்டர் போட்டால் சரி.

உண்மை: அடப்டர் மாற்றுவது பிளக்கின் காலை மட்டும். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். அதற்கென்று செய்த அயன்பொக்ஸ் 230இல் கிட்டத்தட்ட நாலு மடங்கு வலுவை இழுத்து எரிந்துபோகும். லேபிளில் ‘100–240’ என்றிருந்தால் பயமின்றிப் பூட்டலாம். ‘120’ மட்டும் இருந்தால் ட்ரான்ஸ்போமர் தேவை. அதன் வொற் அளவு சாதனத்தினதைவிடக் கூடியதாக இருக்க வேண்டும்.

நம்பிக்கை: அம்பியர் கூடிய சார்ஜர் சாமானைக் கெடுக்கும்.

உண்மை: அம்பியர் என்பது சார்ஜரால் கொடுக்கக்கூடிய உச்ச அளவு, சாதனம் தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும். 12 வோல்ற் 1 அம்பியர் ரவுட்டருக்கு 12 வோல்ற் 2 அம்பியர் அடப்டர் பொருந்தும், முனையும் நேர்–மறை திசையும் ஒன்றாக இருந்தால். 19 வோல்ற் லெப்டொப் அடப்டரைப் பூட்டினால்தான் ரவுட்டர் போகும்.

நம்பிக்கை: மீற்றரில் 1.5 காட்டும் பற்றரி நல்ல பற்றரி.

உண்மை: மீற்றர் பற்றரியிடமிருந்து கரண்ட் எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். அதனால் களைத்த பற்றரியும் சும்மா இருக்கும்போது நல்ல இலக்கம் காட்டும். பொம்மையிலோ டோர்ச்சிலோ போட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள். இலக்கம் சரிந்தால் பற்றரி முடிந்தது.

கடைசியாக ஒன்று. சுவர்ப் பிளக்கை அளக்கும்போது சிவப்பு வயர் ‘10ஏ’ துளையில் இருக்கவே கூடாது. அந்த வழியில் மீற்றர் வெறும் கம்பிக்குச் சமம், ஷோர்ட் ஆகும். டயலை ஏசி வோல்ற்றின் மிகப் பெரிய அளவில் வைத்துத் தொடங்குங்கள். மெயின் போர்டைத் திறக்கும் வேலையைத் தகுதியுள்ள மின் தொழினுட்பவியலாளரிடம் விடுங்கள். இன்றைக்கே ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால், மாற்றும்வரை உங்கள் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.