தண்ணீர் கேட்கும் கள்ளி

கள்ளிதானே, வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும் என்று பெரெஸ்கியாவை வாடவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. இது இலைவிடும் கள்ளி. ஒரு சாண் நீளத்துக்கு இலை வைத்திருக்கும் செடி, பாலைவனக் கள்ளியைப் போலத் தாகம் தாங்காது.

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டு வேலியோரம் நான் வளர்ப்பது பெரெஸ்கியா பிளியோ. மலாய்க்காரர்கள் ஜாரும் துஜோ பிலா என்பார்கள். ஆரஞ்சு கலந்த சிவப்பில் பூக்கும். இளஞ்சிவப்பில் பூத்தால் அது பிரேசிலைச் சேர்ந்த பெரெஸ்கியா கிராண்டிஃபோலியா; நாற்றுக் கடைகளில் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். தாவரவியலாளர்கள் 2013இல் பிளியோவை லூன்பெர்கேரியா என்ற புதிய பேரினத்துக்கு மாற்றினார்கள். புத்தகங்களில் இரண்டு பெயரையும் பார்க்கலாம், செடி ஒன்றுதான்.

இதன் தாயகம் பனாமா, கொலம்பியா நாடுகளின் ஈரமான தாழ்நிலக் காடுகள். அதனால் மழையும் புழுக்கமும் நிறைந்த மலேசியாவில் நன்றாகவே வளர்கிறது. மழை இல்லாத வாரங்களில் தொட்டிச் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். தரையில் வைத்த செடிக்கு மேல்மண் காய்ந்ததும் ஊற்றினால் போதும். தண்ணீர் தேங்கினால் மட்டும் வேர் அழுகும். தோட்ட மண்ணோடு மணலும் மட்கிய எருவும் கலந்து, தொட்டியின் துளை அடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிழலில் வைத்தால் இலை செழிக்கும், பூ குறையும். காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றிய பிறகுதான் என் செடி கிளைநுனிகளிலெல்லாம் மொட்டு வைத்தது. ஒரு பூ அதிக நாள் நிற்காது. ஆனால் அடுத்தடுத்து மலர்ந்துகொண்டே இருக்கும். பிறகு பம்பர வடிவில் மஞ்சள் காய்கள், உள்ளே கறுப்பு விதைகள்.

புதுச்செடிக்கு விதையைவிடக் கிளையே எளிது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தை கொடுத்த கிளையிலிருந்து வந்ததுதான் என் செடியும். பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, வெட்டுவாய் உலர்ந்தபின் ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். புதுத்துளிர் வந்ததும் இடம் மாற்றலாம்.

விட்டுவிட்டால் ஆளுயரத்தைத் தாண்டிப் போகும். பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் புதர் அடர்ந்து வரும். இலைகளின் அடியில் முட்கள் கொத்துக் கொத்தாக மறைந்திருக்கும். தடித்த தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வெட்டிய கிளைகளைப் பழைய நாளிதழில் சுற்றிக் கட்டியே குப்பையில் போடுங்கள். குப்பை அள்ளுபவர் கையிலும் முள் ஏறக்கூடாது. நடைபாதை ஓரத்திலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் இதை நடவே வேண்டாம்.

புற்றுநோய்க்கு மருந்து என்று கேள்விப்பட்டு இலை கேட்டு வருகிறவர்களும் உண்டு. இலைச்சாற்றைப் புற்றுநோய்ச் செல்களில் சோதித்த ஆய்வுகள் மலேசியாவிலும் நடந்திருக்கின்றன. அவை ஆய்வகச் சோதனைகள். மனிதர்களைக் குணப்படுத்தும் என்று அவற்றால் நிரூபணமாகவில்லை. வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "டாக்டரைப் பார்த்தீங்களா?" என்பதுதான். இந்த இலையை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். நோய்க்கு மருத்துவமனைக்குப் போங்கள். பெரெஸ்கியாவை அதன் பூவுக்காக வளருங்கள்.